பிள்ளைகளுக்கு பஸ் இலவசம், சரி. ஆனால் பஸ் நிற்குமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: பொதுப் பேருந்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் காசே வாங்கக் கூடாது என்று சிலர் பேசுகிறார்களே, அது நியாயமா, இல்லை உங்கள் மாமா சொல்வதுபோல வரிப்பணத்தைக் கரைக்கிற வேலையா? நம் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். என் பதில்: வாங்கக் கூடாது. பாலர்பள்ளியிலிருந்து படிவம் 5, அதாவது பதினோராம் வகுப்பு வரைக்கும் ஒரு காசு வாங்கக் கூடாது. ஆனால் இதைத் தப்பான முறையில் செய்தால் உங்கள் பெரிய மகள் நிறுத்தத்தில் கை காட்டிக்கொண்டே நிற்பாள், பஸ் அவளைத் தாண்டிப் போய்விடும். கற்பனை இல்லை. ஒரு பஸ் கம்பெனியில் 22 வருஷம் டிக்கெட் கணக்கு எழுதியவன் நான், இந்தக் கூத்தைக் காகிதத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

எங்கள் கம்பெனியில் டிரைவருக்கு அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான். மீதி வசூலில் கமிஷன். ஒரு நடைக்கு எவ்வளவு டிக்கெட் கிழித்தாரோ அதில் அவருக்கு ஒரு பங்கு. பெரியவருக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு, சீருடையில் இருக்கிற பிள்ளைக்குப் பாதி, 60 காசு. காலை 6.40 நடையில் தோட்ட முச்சந்தியில் முப்பது பிள்ளைகள் ஏறிவிட்டார்கள் என்றால் பஸ் நிறைந்துவிடும், ஒவ்வொருவர் முதுகிலும் அரை மூட்டை அரிசி கனத்தில் ஒரு பை வேறு. அதற்கப்புறம் பாசாருக்குப் போகிற அக்காமார்கள், கிளினிக்குக்குப் போகிற தாத்தா பாட்டிகள், டவுனில் வேலை செய்கிறவர்கள், முழுக் கட்டணம் கொடுக்கிற யாருக்கும் இடம் இருக்காது. டிரைவர் என்ன செய்வார்? அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன, அரிசி வாங்க வேண்டும். முச்சந்திக்கு ஐம்பது அடி முன்னாலேயே வேகத்தைக் கூட்டுவார். இல்லையென்றால் ஐந்து நிமிஷம் முன்கூட்டியே வந்து, பிள்ளைகள் சேர்வதற்குள் கிளம்பிவிடுவார். நான் மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பேன். ஒரே வழி, ஒரே நடை, ஒரு டிரைவர் ஓட்டினால் பாதி டிக்கெட் இருபத்தெட்டு, இன்னொருவர் ஓட்டினால் நான்கு. அந்த நான்கு பேரும் டவுனுக்குப் பக்கத்தில் ஏறினவர்களாக இருக்கும். மேலாளரிடம் ஒருமுறை காட்டினேன். "வசூல் எது கூட?" என்று கேட்டார். நான்கு பிள்ளைகளை ஏற்றியவருடையதுதான் கூட. பேச்சு அங்கேயே முடிந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள், பாதி டிக்கெட்டுக்கே இந்த நிலை என்றால், பிள்ளையால் அந்த டிரைவருக்கும் கம்பெனிக்கும் சுழியம் காசு என்றால் என்ன ஆகும்? கேரளாவில் தனியார் பஸ்களுக்கும் மாணவர் சலுகைக் கட்டணத்துக்கும் பல வருஷமாக நடக்கும் சண்டை இதேதான், மாணவர் கொடுக்கிற சில்லறைக்குச் சீட்டைக் கொடுக்க பஸ்காரருக்கு மனம் வருவதில்லை. யாரும் கெட்டவர்கள் என்பதால் இல்லை. காசு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் பஸ் நிற்கும்.

ஆகவே இலவசமா இல்லையா என்பதைவிட, அந்த இலவசத்துக்கு யார் எப்படிக் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் உங்கள் மகளுக்கு முக்கியம். இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஒன்று, பஸ் கம்பெனி டிக்கெட் வசூலை நம்பி ஓடும், பிள்ளைகளால் வரும் நட்டத்துக்கு அரசாங்கம் ஏதோ ஒரு தொகை ஈடு கொடுக்கும். இரண்டாவது, கம்பெனி ஓட்டுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசாங்கமே கொடுத்துவிடும், பெட்டியில் விழுகிற டிக்கெட் காசு அரசாங்கத்துக்குப் போகும். பஸ் நேரத்துக்கு வந்ததா, நிறுத்தத்தில் நின்றதா என்று பார்த்து, வராவிட்டால் பிடித்தம். நம் நாட்டில் இந்த இரண்டாவது முறை புதிதில்லை. 2015 முதல் சிரம்பான், கங்கார், ஈப்போ போன்ற ஊர்களில் மைபாஸ் என்ற பெயரில் பஸ்கள் ஓட ஆரம்பித்தது இந்தக் கணக்கில்தான், கிலோமீட்டருக்குக் காசு. இந்த முறையில் ஏறுவது பிள்ளையா பெரியவரா என்பது கம்பெனிக்கு ஒன்றுதான். அதனால்தான் சொல்கிறேன், கிலோமீட்டர் ஒப்பந்தம் இருக்கிற வழியில் பிள்ளைகளை இலவசமாக்குவது சுலபம், நாளைக்கே செய்யலாம், ஒரு டிரைவரும் முகம் சுளிக்கக் காரணம் இல்லை. வசூலை நம்பி ஓடுகிற வழியில் வெறும் அறிவிப்பை மட்டும் ஒட்டினால் பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள்.

அப்புறம் வயசு விஷயம். இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு வயிற்றெரிச்சல். கோலாலம்பூரில் ராப்பிட் பஸ்ஸில் 6 வயதும் அதற்குக் கீழும் இலவசம், அதற்கு மேலே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி. சிங்கப்பூரில் 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம், அதைத் தாண்டினாலும் 7 வயது ஆகாதவர்களுக்கு அட்டை இருந்தால் இலவசம். தமிழ்நாட்டு அரசு பஸ்ஸில் 5 வயது வரை. எல்லாம் நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் நம் நாட்டில் முதலாம் ஆண்டு எப்போது? 7 வயதில். அதாவது மடியில் உட்கார்ந்து வருகிற வயதில், எங்கேயும் போகவேண்டிய கட்டாயம் இல்லாத வயதில் இலவசம். பள்ளிக்குப் போயே தீர வேண்டும் என்று சட்டம் சொல்கிற வருஷத்திலிருந்து காசு. ஆரம்பக் கல்வியை 2003-இல் கட்டாயம் ஆக்கினார்கள், அனுப்பாத பெற்றோர் மேல் வழக்குப் போடலாம். போ என்று கட்டாயப்படுத்துகிறவன் வழிச்செலவைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தால் என்ன அர்த்தம்?

உங்கள் மாமாவுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய சட்டத்தைச் சொல்லுங்கள். 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டத்தில், வெள்ளைக்காரன் காலத்தில், ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று இருந்தது. வெள்ளைக்காரனுக்கு நம் மேல் பாசம் பொங்கி வழிந்து இதைச் செய்யவில்லை. பள்ளி இருந்தால் குடும்பத்தோடு ஆள் வரும், நிலைத்து இருக்கும், இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் இருந்தது. பள்ளிகளும் என்ன பெரிய பள்ளி, ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், சில இடத்தில் கிராணியே (தோட்டத்துக் கணக்கர்) வாத்தியார். இருந்தாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பள்ளிக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற தூரம் முதலாளியின் பொறுப்பு என்று எழுத்தில் இருந்தது. நான் படித்த பள்ளிக்கூடம் லயத்திலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, நானூறு அடி. ஆயாக் கொட்டகையைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, செருப்பில்லாமல் ஓடிப் போய்விடுவோம். பஸ் என்றால் என்ன என்றே தெரியாது, மாசம் ஒருமுறை சம்பளத்துக்கு மறுநாள் டவுனுக்குப் போகும்போது பார்ப்பதுதான்.

அப்புறம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பால்மரத்தை (ரப்பரை) வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். சில தோட்டங்களை மேம்பாட்டுக்கு விற்றார்கள். லயத்துச் சனங்கள் மலிவு விலை வீட்டுக்கும், புறம்போக்கு நிலத்துக்கும், டவுன் ஓரத்துத் தாமானுக்கும் சிதறினார்கள். பள்ளிகளில் சில பிள்ளை இல்லாமல் மெலிந்தன, சில வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன, சில இன்னும் செம்பனைக்கு நடுவில் தனியாக நிற்கின்றன, அங்கே படிக்கிற பிள்ளைகள் வெளியிலிருந்து வேனில் வருகிறார்கள். இந்த மாற்றத்தில் எல்லாருடைய கணக்கும் எங்கேயோ நேராகிவிட்டது, நிலம் விற்றவர் காசு பார்த்தார், வீடு கட்டியவர் காசு பார்த்தார். நடுவில் புதிதாக முளைத்த அந்த எட்டு, பத்து, பதினைந்து கிலோமீட்டர் தூரத்தை மட்டும் யாரிடமும் கேட்காமல் தாய் தகப்பன் தலையில் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் தோட்டத்து லொரி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும், அதுவும் லொரி பழுதாகாத நாளில், நிர்வாகியின் மனசு சரியாக இருக்கிற நாளில். பிறகு அதுவும் நின்றது. பிள்ளைகளுக்கு பஸ் இலவசம் என்று நான் சொல்வது தானம் கேட்பதில்லை. அந்தப் பத்துக் கிலோமீட்டர் நம்முடையது இல்லை, அவ்வளவுதான்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். இப்போதைய பஸ்ஸில் உங்கள் பிள்ளைக்கு ஒரு வழிக்கு 80 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 1 வெள்ளி 60. மாசத்துக்கு இருபது பள்ளி நாள் என்றால் 32 வெள்ளி. மூன்று பிள்ளைக்கு 96. கைகேயி வரம் மாதிரி பெரிய தொகை இல்லைதான், ஆனால் மாசா மாசம். அரசாங்கம் 2025-இல் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பள்ளித் தொடக்க உதவி 150 வெள்ளி, அது சீருடை, காலணி, பை என்று ஒரே வாரத்தில் போய்விடும். அந்த 150-ஐ அப்படியே பஸ்ஸுக்கு வைத்தாலும் ஐந்து மாசத்துக்குக் கூடத் தாங்காது.

அரசாங்கத்துக்கு என்ன செலவு? இங்கேதான் உங்கள் மாமா தப்பு செய்கிறார். அவர் பிள்ளைகளின் தலையை எண்ணி, ஒவ்வொரு தலைக்கும் டிக்கெட் விலையைப் போட்டுப் பெருக்கி, "இவ்வளவு கோடியா!" என்கிறார். பஸ் ஓட்டுகிற செலவு தலைக் கணக்கில் ஏறுவதில்லை. டிரைவர் சம்பளம், டீசல், டயர், பஸ்ஸுக்கு வாங்கிய கடன், எல்லாம் வண்டி கிளம்பினால் வருகிற செலவு. பாதி காலியாகப் போகிற பஸ்ஸில் இன்னும் பத்துப் பிள்ளை ஏறினால் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இழப்பது, இப்போது அந்தப் பிள்ளைகள் கொடுத்துக்கொண்டிருக்கிற பாதிக் காசு மட்டும்தான். உண்மையான செலவு எப்போது வரும் என்றால், கூட்டம் கூடி இன்னொரு பஸ் விட வேண்டி வரும்போது. காலை ஆறரையிலிருந்து ஏழேகால் வரைக்கும் அது நிச்சயம் வரும், நான் மறைக்க மாட்டேன். அந்த முக்கால் மணி நேரத்துக்காக ஒரு பஸ், ஒரு டிரைவர் கூடுதலாக வேண்டும், பிறகு அந்த பஸ் பகல் முழுக்கச் சும்மா நிற்கும். பஸ் தொழிலில் இதுதான் தலைவலி பிடித்த செலவு, கேட்கிறவர்கள் இதைக் கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள், சண்டை போடாதீர்கள்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். லக்சம்பர்க் 2020 மார்ச்சிலிருந்து எல்லாருக்குமே இலவசம் ஆக்கிவிட்டது, அங்கே முன்பே டிக்கெட் காசு மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, பணக்கார நாடு, நமக்கு உதாரணம் ஆகாது. லண்டனில் 2005-லிருந்து 16 வயதுக்குக் கீழே பஸ் இலவசம். நமக்குப் பாடம் இருப்பது ஸ்காட்லாந்தில். அங்கே 2022 ஜனவரி 31 முதல் 22 வயதுக்குக் கீழ் எல்லாருக்கும் பஸ் இலவசம், அட்டையைக் காட்டினால் போதும், கம்பெனிக்கு அரசாங்கம் ஈடு கட்டுகிறது. நகரத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மலைப்பக்கத்துச் சின்ன ஊர்களில் என்ன முணுமுணுப்பு தெரியுமா, கையில் இலவச அட்டை இருக்கிறது, ரோட்டில் பஸ்தான் இல்லை என்று. படித்தபோது நம் லிந்தாங் ரோட்டு ஆள்தான் யாரோ அங்கே போய்ப் பேசுகிறாரோ என்று நினைத்தேன்.

நம் நாட்டிலேயே பார்த்தால், கோலாலம்பூரில் கோகேஎல் 2012-லிருந்து, சிலாங்கூரில் ஸ்மார்ட் சிலாங்கூர் பஸ் 2015-லிருந்து, ஜொகூரில் பாஸ் முவாபாகாட் 2016-லிருந்து இலவசமாக ஓட ஆரம்பித்தன. இலவச பஸ் ஓட்டினால் நாடு கவிழ்ந்துவிடாது என்பதற்கு இவை மூன்றுமே சாட்சி. ஜொகூர்க்காரர்களை நான் கொஞ்சம் பொறாமையோடு பார்க்கிறேன், ஜொகூர் பாருவோடு நிறுத்தாமல் குளுவாங், சிகாமட் மாதிரி உள்ளூர்களுக்கும் விட்டார்கள், அதெல்லாம் நம்மைப்போல் தோட்டத்துச் சனங்கள் இருக்கிற ஊர்.

இந்த அட்டை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் இலவச பஸ்கள் குடிமகனுக்கு இலவசம், மற்றவருக்குக் கட்டணம் என்று போகின்றன. பொதுவாக அது நியாயமாகத் தெரியும். ஆனால் தோட்டப் பக்கத்தில் பிறப்புப் பதிவு தாமதமாகி, தாய் தகப்பன் திருமணத்தைப் பதியாமல் விட்டு, மைகிட் (சின்னப் பிள்ளைகளின் அடையாள அட்டை) இல்லாமல், 12 வயதில் எடுக்க வேண்டிய மைகாட் அடையாள அட்டையும் இல்லாமல் நிற்கிற பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே ஒன்றிரண்டு இருப்பார்கள். எப்படியோ பள்ளியில் சேர்த்துவிட்டோம், பஸ்ஸில் அடையாள அட்டை கேட்டு இறக்கிவிட்டால்? டிரைவர் என்ன பதிவு இலாகாவா? என்னைக் கேட்டால் அட்டையே வேண்டாம். சீருடைதான் டிக்கெட். சீருடையில் ஏறினால் ஏறட்டும், டிரைவர் பக்கத்தில் இருக்கிற கருவியில் ஒரு பொத்தானை அமுக்கி எண்ணிக்கை மட்டும் பதியட்டும். சீருடை போட்டு ஏமாற்றிப் பயணம் செய்கிற நாற்பது வயது ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது நேர அட்டவணைக்கு வருகிறேன், இதைத்தான் யாரும் பேசுவதில்லை. எல்லாரும் காலை பஸ்ஸைப் பற்றியே பேசுவார்கள். காலையில் எப்படியாவது பிள்ளை போய்விடும். அப்பா வேலைக்குப் போகிற வழியில் மோட்டாரில் இறக்கிவிடுவார், பக்கத்து வீட்டுக் காரில் ஒரு இடம் கிடைக்கும், பள்ளி பஸ் இருக்கும். சிக்கல் பிற்பகலில். பள்ளி பஸ் மதியம் பள்ளி முடிந்ததும் கிளம்பிவிடும், அவருக்கு அடுத்த நடை இருக்கிறது. விளையாட்டு, கழகம் மாதிரிப் புறப்பாட நடவடிக்கை இருக்கிற நாளில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளை மூன்றரை மணிக்கு மேல்தான் வெளியே வரும். அப்போது பள்ளி பஸ் இல்லை, அப்பா வேலையில், அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லை. பிள்ளை என்ன செய்யும்? புறப்பாட நாளில் லீவு போடும். இல்லையென்றால் மதியமே பள்ளி பஸ்ஸில் நழுவி வந்துவிடும். ஆசிரியர் "இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்று எழுதிவிடுவார். நம் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடும்போது மதிப்பெண்ணில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தில் தோட்டத்துப் பிள்ளை இழக்கிற இரண்டும் மூன்றும் ஆர்வக் குறைவால் இல்லை, மூன்றே முக்கால் மணிக்கு பஸ் இல்லாததால். எங்கள் அக்கா மகன் பந்து நன்றாக விளையாடுவான், மாவட்ட அளவில் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், பயிற்சி வாரம் மூன்று நாள் மாலையில். இரண்டு வாரம் போனான். இருட்டினபிறகு பெரிய ரோட்டில் லொரிகளுக்கு நடுவில் நடந்து வருவதை அவன் அப்பா ஒருநாள் பார்த்துவிட்டார், அதோடு சரி.

பஸ் இல்லாத இடத்தில் பிள்ளை சும்மா இருக்காது, மோட்டார் எடுக்கும். லைசென்ஸ் எடுக்க 16 வயது ஆக வேண்டும், ஆனால் 14-இல் ஓட்டாத பையன் நம் பக்கத்தில் எத்தனை பேர்? இரண்டு பேர் உட்கார்ந்து, மூன்று பேர் உட்கார்ந்து, தலைக்கவசம் கையில் மாட்டிக்கொண்டு. நம் நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள். உங்கள் மாமா வரிப்பணக் கணக்குப் போடும்போது இதையும் எந்தப் பக்கத்தில் எழுதுவார் என்று கேளுங்கள்.

மாமாவின் மற்ற மறுப்புகளில் ஒன்றுக்குத்தான் நான் தலை வணங்குவேன். பிள்ளைகள் பஸ்ஸில் அட்டகாசம் செய்வார்கள் என்கிறார். செய்வார்கள், ஸ்காட்லாந்திலும் அதே புகார் வந்து அட்டையைப் பறிக்கலாமா என்று பேசினார்கள், காசு கொடுத்து ஏறின பிள்ளைகளும் எங்கள் காலத்தில் பின் சீட்டைக் கிழித்தார்கள். இலவசம் என்றால் மதிப்பு தெரியாது என்கிறார். பள்ளிக்கூடப் பாடநூலும் இரவல்தான், இலவசம்தான். இவற்றை விடுங்கள். ஆனால் "பள்ளி பஸ் ஓட்டுகிற நம் ஆட்கள் பிழைப்பு என்ன ஆகும்?" என்று கேட்டாரே, அது நல்ல கேள்வி. நம் ஊரில் பள்ளி பஸ், வேன் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வெளியே வந்து, கிடைத்த சேமநிதியில் பழைய வண்டி வாங்கியவர்கள். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாசலில் இறக்கி, காய்ச்சல் என்றால் அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்கிற அங்கள் அவர். 2024 ஜூனில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது, பள்ளி பஸ்ஸுக்குச் சலுகை அட்டையில் 1 வெள்ளி 88 காசு என்று வைத்தார்கள், அதனால் தப்பித்தார்கள், உதிரிப்பாகம் விலை யாரையும் விடவில்லை.

என் எண்ணம் இது. முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பிள்ளையைத் தனியாகப் பொது பஸ்ஸில் ஏற்றி அனுப்ப நான் சொல்ல மாட்டேன், இலவசம் என்றாலும் சொல்ல மாட்டேன். பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும், தப்பான இடத்தில் இறங்கிவிடும், தூங்கிவிடும். அந்த வயதுக்குப் பள்ளி பஸ் அங்கள்தான் சரி, அவருக்கு உதவித்தொகை கொடுத்துப் பெற்றோரின் மாதக் கட்டணத்தைக் குறைப்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். பொது பஸ் இலவசம் உண்மையில் உதவப்போவது இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு, அப்புறம் அம்மாவோடு போகிற சின்னதுகளுக்கு. ஆகவே பள்ளி பஸ்காரர் வயிற்றில் அடிக்கிற அளவு பெரிதாக இருக்காது. படிவம் 1-க்கு மேல் பையன்கள் எப்படியும் அவர் வண்டியில் ஏற வெட்கப்படுவார்கள், சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன் என்பார்கள்.

அம்மாவோடு போகிற சின்னது என்றேன் இல்லையா, அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. பிள்ளைக்கு இலவசம், கூடப் போகிற அம்மாவுக்கு முழு டிக்கெட் என்றால், கிளினிக்குக்கோ பல் டாக்டரிடமோ போகிற செலவில் பெரும்பங்கு அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் ஆக்கினார்கள், அதில் பிள்ளை தூக்கிக்கொண்டு போகிற அம்மாவின் பிரச்சினையும் சேர்ந்து தீர்ந்தது. நாம் அந்த அளவுக்கு இப்போது கேட்க வேண்டாம். 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு வருகிற ஒரு பெரியவருக்குப் பாதி என்று கேட்கலாம். கேட்பதில் என்ன நட்டம்.

யாரிடம் கேட்பது? தீபகற்பத்தில் பஸ் வழிக்கும் உரிமத்துக்கும் அப்பாட்தான், தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம். மாநில அரசாங்கமும் காசு போட்டு பஸ் விடலாம், சிலாங்கூரும் ஜொகூரும் அப்படித்தான் செய்தன. நிறுத்தம், கூரை, விளக்கு போன்றவற்றுக்கு நம் ஊருக்குக் கோலக்கங்சார் நகராண்மைக் கழகம். சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கடிதத் தலைப்பில் எண்களோடு கொடுங்கள். "பிள்ளைகள் மிகவும் சிரமப்படுகிறார்கள்" என்று எழுதினால் அந்தக் கடிதம் கோப்பில் தூங்கும், நானே அப்படிப்பட்ட கடிதங்களைக் கோப்பில் தூங்க வைத்தவன். "இந்த நிறுத்தத்தில் காலை 6.30 முதல் 7 மணி வரை 34 பேர், புதன்கிழமை பிற்பகல் 3.30-க்கு 19 பேர், இப்போது பஸ் வருவது 2.50-க்கும் 5.10-க்கும்" என்று எழுதினால் அதைப் படிக்கிறவர் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பஸ் அட்டவணை போடுகிறவனுக்குத் தேவையானதே அந்த எண்கள்தான். இலவசத்தையும் நேரத்தையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள், தனித்தனியாகக் கேட்டால் சுலபமானதை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சுலபமானது இலவசம்தான், நேரம் இல்லை.

எண்ணுவது கஷ்டமில்லை. எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சீருடை நிறமே சொல்லிக் கொடுத்துவிடும்: கருநீலக் கால்சட்டை, கருநீலப் பாவாடை என்றால் ஆரம்பப்பள்ளி, பையனுக்குப் பச்சைக் கால்சட்டை, பெண்ணுக்கு வெளிர் நீலம் என்றால் இடைநிலைப்பள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுங்கள், நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. மோட்டாரில் மூன்று பேராக ஏறிப் போகிறவர்களைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுதுங்கள். திங்கள் ஒரு நாள், புதன் ஒரு நாள், இரண்டு வாரம் போதும். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்குப் பள்ளி சீக்கிரம் முடியும், கணக்கு கலங்கிவிடும். தாளை எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த வழியில் எத்தனை கிலோமீட்டர், கூடுதல் ஒரு நடைக்கு என்ன செலவு என்ற கணக்கை நான் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.